143 நாட்காட்டித் தாள்கள்: இந்தியத் தலைமை நீதிபதிக்கும் ஒன்றியச் சட்ட அமைச்சருக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இந்தியத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், மாண்புமிகு ஒன்றியச் சட்டத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தமிழ்நாட்டின் ஒரு சார்பு நீதிமன்றத்தில், டவாலி என் அம்மாவின் பெயரை மூன்று முறை உரக்க அழைத்தார். அம்மா 2023-இல் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகளாக என்னையும் என் தம்பியையும் வழக்கில் சேர்க்கக் கோரும் மனு அதே நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் இருப்பதால், பதிவேட்டில் இன்னமும் அவர்தான் மனுதாரர். நான் எழுந்து நின்றேன். நீதிபதியின் இருக்கை காலியாக இருந்தது. முன்பிருந்தவர் மாறுதலாகிச் சென்று ஐந்து மாதங்கள் ஆகியும் அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. பொறுப்பு நீதிபதி பக்கத்துக் கட்டடத்தில் தம் சொந்த நீதிமன்றத்து வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு கிளார்க் பட்டியலில் இருந்த எல்லா வழக்குகளுக்கும் வரிசையாகத் தேதி சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி கிடைத்தது. அரை மணி நேரத்தில் கூடம் காலியாகிவிட்டது. இறந்தவரின் பெயரை அழைத்ததற்காக அந்த டவாலி என்னிடம் மெல்ல மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு அல்ல அது. அன்றைக்குத்தான் இந்த மடலை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊர், நீதிமன்றம், தரப்பினர், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. எங்கள் வழக்கில் எந்தத் தலையீட்டையும் உங்களிடம் கேட்கவில்லை. ஒரே ஒரு வழக்கு எந்த வழியாக இத்தனை ஆண்டுகள் நடந்தது என்பதைக் காட்டி, அந்த வழியைச் சீர்செய்யும் அதிகாரம் உங்கள் இருவர் கையிலும் இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் தாத்தா 2003-இல் காலமானார். அவர் விட்டுச் சென்றது மூன்று ஏக்கர் அறுபது சென்ட் பூர்வீக நிலம். பிள்ளைகள் மூவர்: என் மாமாக்கள் இருவரும் அம்மாவும். மகள்களுக்குச் சம பங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989-இலேயே வந்துவிட்டது என்றாலும், அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்கு 1976-இல் திருமணம். 2005 செப்டம்பர் 9 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஒன்றியத் திருத்தம் நடைமுறைக்கு வந்து அந்தத் தடையை நீக்கியது. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்த அம்மா செய்தித்தாளில் அதைப் படித்தார். அண்ணன்களிடம் ஓராண்டு பேசிப் பார்த்துவிட்டு 2006-இல் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது 52.

மாமாக்கள் தரப்பு, தாத்தா உயிரோடு இருந்தபோதே கூர்ச்சீட்டு எழுதி நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்றது. பதிவு செய்யப்படாத அந்த ஒரு தாளை நம்புவதா இல்லையா என்பதே விசாரணையில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. சாட்சிகள் நான்கு பேர். நாள்தோறும் விசாரித்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஏழு ஆண்டுகள் ஆயின. 2013-இல் கூர்ச்சீட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லி, அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஏக்கர் இருபது சென்ட் உண்டு என, பங்கின் அளவை மட்டும் சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணை வந்தது. மாமாக்கள் மேல்முறையீடு செய்தார்கள். அது நிலுவையில் இருந்தபோது, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்று தீர்ப்பளித்தது. தாத்தா அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டவர். ஆகவே 2016-இல் அம்மாவின் பங்கு ஒன்பதில் ஒன்றாக, நாற்பது சென்ட்டாகக் குறைந்தது. அம்மா சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு செய்தார். 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றியது. அந்தத் தீர்ப்பின் இறுதியில், இந்தச் சட்டக் குழப்பத்தால் நாடு முழுவதும் தேங்கிப்போன வழக்குகளைக் கூடுமானவரை ஆறு மாதங்களுக்குள் முடிக்குமாறு நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் இரண்டாம் மேல்முறையீடு அதன் பிறகு 22 மாதங்கள் கழித்து, 2022 ஜூனில் ஏற்கப்பட்டது. ஒரு ஏக்கர் இருபது சென்ட் திரும்பக் கிடைத்தது, தாளில்.

ஒன்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறேன். 2006-இல் தொடுத்த வழக்கு 2009-க்குள் மேல்முறையீடும் உட்பட முடிந்திருந்தால், 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அம்மாவைத் தொட்டே இருக்காது. தாமதம் என்றால் வெறுமனே காத்திருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காத்திருக்கும் காலத்திலேயே சட்டத்தின் பொருள் இரண்டு முறை மாறி, கையில் வந்த பங்கு போய், போன பங்கு வந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக வக்கீல் கட்டணமும் நகல் செலவும் பயணமும் சேர்ந்ததை நாங்கள் அனுபவித்தோம். இவ்வளவுக்கும் காரணம் முதல் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளுக்குச் சட்டம் காரணமே அல்ல.

இதை நான் எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அம்மா எழுதி வைத்திருக்கிறார். வாய்தா இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு நாட்காட்டியின் அந்த நாள் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் அதன் பின்புறத்தில் நடந்ததைப் பென்சிலால் இரண்டு மூன்று வரி எழுதி, ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியில் குத்திவிடுவார். அவர் போன பிறகு அந்தக் கம்பியை எடுத்து எண்ணினேன். 143 தாள்கள். சில தாள்களில் பல்லி, பஞ்சாங்கம், ராகு காலம் எல்லாம் மங்கிப்போயிருக்கின்றன; பின்புறத்து எழுத்து அப்படியே இருக்கிறது. "ஐயா லீவு. தேதி 14." "எதிர் வக்கீல் வேற கோர்ட்டு. தேதி வாங்கிட்டாங்க." "கட்டு மேலேர்ந்து வரலையாம்." "இன்னைக்கு நம்ம வக்கீலே வரல. கேக்கவும் முடியல." ஒரு தாளில் ஒரே ஒரு சொல்: "மழை." மழையில் போய், மழையில் திரும்பியிருக்கிறார், வழக்கில் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அந்தத் தாள்களைக் காரணவாரியாகப் பிரித்து அடுக்கினேன். நீதிபதி விடுப்பிலோ மாறுதலிலோ போனதால் அல்லது பணியிடமே காலியாக இருந்ததால் தள்ளிப்போனவை 31. எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டு வாங்கியவை 38. எங்கள் வழக்கறிஞரே அவகாசம் கேட்டவை 14. இதை மறைக்க நான் விரும்பவில்லை. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்த நாட்கள் 22. வழக்குக் கட்டு வராதது, நேரம் போதாதது, கொரோனா முடக்கம் ஆகியவை சேர்ந்து 19. எஞ்சிய 19 நாட்களில்தான் வழக்கு ஓர் அடியாவது முன்னே நகர்ந்தது. 143 நாட்களில் 19. ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஒரு நாள் விடுப்பு. ஓய்வு பெற்ற பிறகு மூட்டு வலியோடு இரண்டு பேருந்து மாறிய பயணம்.

இந்த நாட்டில் வாய்தாவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் ஆணை, வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கூடாது என்கிறது. 8-ஆம் ஆணை, பிரதிவாதி தன் பதிலான எதிருரையை 30 நாட்களுக்குள், மிஞ்சினால் 90 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. காலம் கடத்துபவர் எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டிய பிறகே வழக்கை மேற்கொண்டு நடத்தலாம் என்று 35-பி பிரிவு 1977 முதல் இருக்கிறது. தீர்ப்பை ஒத்திவைத்தால் 30 நாட்களில், தவிர்க்க முடியாத சூழலில் 60 நாட்களில் வழங்க வேண்டும் என்பதும் சட்டம்தான். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ புறக்கணிப்புக்கு அழைக்கவோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. அவர்களுடைய கோரிக்கைகளில் சில நியாயமானவையாகவே இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 22 நாட்களின் விலையை அம்மா கொடுத்தார்.

எங்கள் வழக்கில் எதிருரை வர 14 மாதங்கள் ஆயின. 143 தாள்களில் இரண்டே இரண்டில்தான் செலவுத்தொகை பற்றிய குறிப்பு இருக்கிறது: ஒரு முறை இருநூறு ரூபாய், இன்னொரு முறை ஐந்நூறு ரூபாய். இரண்டில் ஒன்றும் அம்மாவின் கைக்கு வந்ததாக எழுதப்படவில்லை.

ஏன் இப்படி? 90 நாள் வரம்பு நெறிப்படுத்துவதுதானே தவிரக் கட்டாயமானது அல்ல என்றும், மூன்று வாய்தா வரம்புக்கும் விதிவிலக்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றமே 2005-இல் விளக்கம் தந்தது. விதிவிலக்கான சூழலுக்காகத் திறந்த அந்தக் கதவு கீழமை நீதிமன்றங்களில் அன்றாட வாசலாகிவிட்டது. ஆனால் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தைப் பாருங்கள். வணிகத் தகராறில் 120 நாட்களுக்குள் எதிருரை வராவிட்டால் அந்த உரிமையே பறிபோகும். அந்த வரம்பு கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. வழக்கின் தொடக்கத்திலேயே வழக்கு மேலாண்மை அமர்வு நடத்தி, எந்தச் சாட்சி எந்தத் தேதியில், வாதம் எந்தத் தேதியில் என்று அட்டவணை போட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, எப்படி விரைவாக நடத்துவது என்பது உங்களுக்குத் தெரியும். நாடாளுமன்றத்துக்குத் தெரியும். நிறுவனங்களின் கடனும் ஒப்பந்தமும் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்த அரசு, அறுபது வயதுப் பெண்ணின் பூர்வீகப் பங்கும், கைவிடப்பட்ட மனைவியின் ஜீவனாம்சமும், விபத்தில் காலிழந்தவரின் இழப்பீடும் காத்திருக்கலாம் என்று எப்போது, எங்கே முடிவு செய்தது? இந்தக் கேள்விக்கு மாண்புமிகு அமைச்சர் விடை சொல்ல வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகு நடப்பது இன்னொரு கதை. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லைகள் அவர் தீர்ப்பாணையைப் பெறும்போதுதான் தொடங்குகின்றன என்ற கருத்தை 1872-இலேயே லண்டனில் இருந்த, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் பதிவு செய்தது. தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. 2025-இல் எல்லா உயர் நீதிமன்றங்களிடமிருந்தும் கணக்குக் கேட்டபோது, எட்டு லட்சத்துக்கும் அதிகமான நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது. பாகப்பிரிவினை வழக்கில் முதனிலைத் தீர்ப்பாணை வந்ததும், தனியாக மனு எதுவும் கேட்காமல், நீதிமன்றம் தானாகவே, சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான வேலையைத் தொடங்க வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அம்மாவின் இரண்டாம் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்த அதே மாதம் அது. அந்தத் தீர்ப்பை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அனுப்பவும் சொன்னது. நாங்கள் சார்பு நீதிமன்றத்துக்குப் போனபோது, இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு போடுங்கள் என்றார்கள். போட்டோம். நிலத்தை அளக்க வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கப்பட்டார். நில அளவரோடு அவர் வர எட்டு மாதங்கள். அளக்க வந்த நாளில் அம்மா வரப்பில் ஒரு குடையோடு உட்கார்ந்திருந்தார். சங்கிலி போட்டு அளந்து, கல் நடும் இடத்தில் சுண்ணாம்பு தூவிவிட்டுப் போனார்கள். அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் 17 ஆண்டுகளில் அவர் கண்ணால் பார்த்த ஒரே நீதி. அடுத்த மழையில் அது கரைந்துவிட்டது. நான்கு மாதங்களில் அவரும் போய்விட்டார்.

மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களே, நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் நீதிமன்றம் நல்ல உத்தரவுகளை இட்டிருக்கிறது. ஆறு மாதம் என்றது. தனி மனு வேண்டாம் என்றது. அந்த உத்தரவு எங்கள் ஊர் நீதிமன்றத்தின் மேசைக்கு வந்ததா, வந்து நடந்ததா, நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்க ஓர் ஏற்பாடு இல்லை. புதிய சட்டங்களைப் பற்றியே பேசும் சீர்திருத்தத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இருக்கும் சட்டம் நடக்கிறதா என்று எண்ணுங்கள், எண்ணியதை வெளியிடுங்கள். 143 தாள்களை ஒரு சத்துணவு அமைப்பாளர் எண்ணும்படி வைத்திருக்கிறார் என்றால், 2023-இல் மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டால் அது முடியும். தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் மொத்த எண்ணிக்கைகள் வருகின்றன. எங்கள் வழக்கின் பக்கத்தைத் திறந்தால் "ஒத்திவைப்பு" என்ற சொல்லும் அடுத்த தேதியும்தான் வரிசையாக இருக்கின்றன. யார் கேட்டார், ஏன் கொடுக்கப்பட்டது என்பது அம்மாவின் பென்சில் எழுத்தில் மட்டும் இருக்கிறது.

நீதிபதிகளின் மேல் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்க மாட்டேன். எங்கள் வழக்கை அக்கறையோடு விசாரித்த ஒரு நீதிபதி இரவு எட்டு மணிக்கும் அறையில் விளக்கெரிய உட்கார்ந்திருந்ததை அம்மா எழுதி வைத்திருக்கிறார். பத்து லட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள் இருந்த காலத்தில், 1987-இல், அதை 50 ஆக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2002-இல் உச்ச நீதிமன்றமும் ஐந்தாண்டுக்குள் அதை எட்ட வேண்டும் என்றது. இன்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 21-தான். அவற்றிலும் கீழமை நீதிமன்றங்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காலி. நாடு முழுவதும் நிலுவை ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது. அரசு, நியமனத்தை நீதித்துறை தாமதப்படுத்துகிறது என்கிறது. நீதித்துறை, அரசு கோப்பை வைத்துக்கொண்டிருக்கிறது என்கிறது. காலி இருக்கைக்கு முன்னால் நிற்பவருக்கு இரண்டு விளக்கமும் ஒன்றுதான்.

மதுரையில் அம்மாவின் மேல்முறையீடு கடைசியாக விசாரிக்கப்பட்ட நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். தன் தந்தை, தன் அண்ணன்கள், தன் நிலம் பற்றிய பேச்சில் அம்மாவுக்குப் புரிந்தவை ஊரின் பெயரும் சர்வே எண்ணும்தான். வெளியே வந்ததும், "ஜட்ஜய்யா ரெண்டு தடவ தலையாட்டுனாரு பாத்தியா? நமக்கு நல்லதாத்தான் இருக்கும்" என்றார். தன் வழக்கின் போக்கைத் தலையசைப்பிலிருந்து ஊகிக்க வேண்டிய நிலையில் ஒரு குடிமகளை வைப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? அரசியலமைப்பின் 348(2) பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு மாநில மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்தலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் அவ்வாறு இந்தி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டது. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை ஏற்கவில்லை. தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும் இப்போதைய முயற்சியை வரவேற்கிறேன். ஆனால் முடிவைப் பிறகு படிப்பதும் விசாரணையை அப்போதே புரிந்துகொள்வதும் வேறு வேறு.

என் கவலை எங்கள் நிலத்தோடு நிற்கவில்லை. நீதிமன்ற வராந்தாவில் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு பெண்மணியின் மகன் திருட்டு வழக்கில் சிறையில் இருந்தான். பிணை உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்கள் வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களில் வரி ரசீது வைத்திருப்பவர் யாரும் இல்லை. உத்தரவு கையில் இருக்க, மகன் மேலும் நான்கு மாதங்கள் உள்ளேயே இருந்தான். 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75-க்கும் மேல். வெளியே இருப்பவருக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் வேலை போவது. உள்ளே இருப்பவருக்கு அது அடுத்த தேதி வரையிலான முழுக் காலமும் கம்பிக்குள் கழிவது. விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே பிகார் சிறைகளில் இப்படிக் கிடந்தவர்களுக்காகத்தான். பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வந்தது. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்க வகைசெய்யும் 479-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இவையும் நல்ல உத்தரவுகள், நல்ல சட்டங்கள். இவற்றின்படி ஒவ்வொரு சிறையிலும் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று யார் மாதந்தோறும் கேட்கிறார்கள்?

ஆகவே என் கோரிக்கைகளை வைக்கிறேன்.

மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களே, கீழமை நீதிமன்றங்களில் ஒவ்வொரு ஒத்திவைப்பின்போதும் அதைக் கேட்டவர் யார், காரணம் என்ன, அது அந்தத் தரப்புக்கு எத்தனையாவது முறை என்ற மூன்றும் அன்றே மாநில மொழியில் பதிவாகி, வழக்காடுபவர் தம் கைபேசியில் பார்க்கும்படி செய்யுங்கள். அந்தப் பதிவைத் தொகுத்து ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் நீதிமன்றவாரியாக மாதம் ஒரு முறை வெளியிட வேண்டும். நீதிபதி விடுப்பில் இருப்பதோ பணியிடம் காலியாக இருப்பதோ முன்கூட்டியே தெரிந்த நாட்களில், முந்தின நாள் மாலைக்குள் எல்லாத் தரப்பினருக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. இது ஒன்று இருந்திருந்தாலே அம்மாவின் பயணங்களில் முப்பதேனும் குறைந்திருக்கும்.

35-பி பிரிவின்படி விதிக்கும் செலவுத்தொகை, அன்று வந்து காத்திருந்தவரின் ஒரு நாள் கூலிக்கும் பயணச் செலவுக்கும் குறையாததாக இருக்க வேண்டும் என்றும், அது அவருடைய கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த கட்டம் நடக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றங்கள் சுற்றறிக்கை அனுப்பக் கோருகிறேன். 2022 ஜூன் உத்தரவுக்குப் பின்னும் முதனிலைத் தீர்ப்பாணையோடு நிற்கும் பாகப்பிரிவினை வழக்குகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை என்ற கணக்கை, நிறைவேற்று மனுக்களுக்குக் கேட்டதைப் போலவே கேட்டு வாங்குங்கள். தரப்பினர் ஒருவர் இறந்து, அவருடைய வாரிசுகள் யார் என்பதில் தகராறு இல்லாதபோது, அவர்களைச் சேர்க்கும் மனுவை 30 நாட்களில் முடிக்க விதி வேண்டும். ஒரு நீதிபதியை மாற்றும் உத்தரவில், அந்த இடத்துக்கு வருபவரின் பெயரும் பொறுப்பேற்கும் தேதியும் இல்லாமல் அந்த உத்தரவு வெளிவரக் கூடாது.

மாண்புமிகு சட்ட அமைச்சர் அவர்களே, வணிக வழக்குகளுக்குக் கொடுத்த கட்டாயக் கால வரம்பையும் வழக்கு மேலாண்மை அமர்வையும், பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு ஆகிய வழக்குகளுக்கும், அறுபது வயது கடந்தவர்கள் தரப்பினராக உள்ள எல்லா உரிமையியல் வழக்குகளுக்கும் விரிவாக்கும் சட்டத் திருத்த முன்வரைவை நாடாளுமன்றத்தில் கொண்டுவாருங்கள். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் என்ற இலக்கை எந்த ஆண்டில் எட்டப் போகிறீர்கள், ஒவ்வோர் ஆண்டும் மாநிலங்களுக்கு அதற்காக எவ்வளவு நிதி தருவீர்கள் என்ற அட்டவணையை வெளியிடுங்கள். 2006-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை மீண்டும் எடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும், முதற்கட்டமாகக் குடும்பச் சொத்து, ஜீவனாம்சம், பிணை ஆகிய வழக்குகளிலாவது தமிழில் வாதிடக் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றுத் தாருங்கள். பிணை உத்தரவு கிடைத்து ஒரு மாதத்துக்குப் பின்னும் சிறையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு சிறையின் வாசலிலும் இணையத்திலும் மாதந்தோறும் வெளியிட மாநிலங்களோடு பேசி வகைசெய்யுங்கள். வரி ரசீது இல்லாதவரிடம் அதைக் கேட்டு அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டும் விதியையும் எழுதுங்கள்.

இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், அவற்றை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எவற்றை ஏற்கவில்லை, என்ன காரணத்தால் ஏற்கவில்லை என்பதை இருவரும் தனித்தனியே எழுத்து மூலம், தமிழில், பொதுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் 143 தாள்களையும் ஒளிநகல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகங்களில் இருந்து யார் கேட்டாலும், எங்கு கொண்டுவரச் சொன்னாலும், கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
2006-ஆம் ஆண்டின் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இறந்துபோன வாதியின் மகள்